நாற்பது திரைகளில் ஒரு முகம்

எங்கள் அலுவலகத்தில் ஏலக்காய் வாசனைக்கு முன்னால் வேறெந்த வாசனையும் நிற்காது. கீழே கிடங்கு, மேலே நாங்கள். காலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாலும் பத்து மணிக்குள் அந்தப் பூவும் ஏலக்காயாகத்தான் மணக்கும். ஆனால் போன வாரம் அவன் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலியில் அந்த சென்ட் வாசனை மட்டும் போகவேயில்லை. மெத்தையைக் கழற்றி மொட்டை மாடி வெயிலில் போட்டேன். சாயங்காலம் எடுத்து முகர்ந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. எந்த வாசனை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் அவன் வந்து நிற்பதை நாம் ஒருநாளும் காதால் அறிந்ததில்லை, மூக்கால்தான் அறிந்தோம்.

ஆமாம், அவனேதான். அவன் பெயரை இங்கே எழுதமாட்டேன். உனக்கு எழுதும் மடலில் உன் பெயரே இல்லாதபோது அவன் பெயருக்கு என்ன வேலை? மேனேஜர் என்று எழுதினால் போதும். அதுவே அதிகம்.

தேனியில் பெரியகுளம் சாலையில், மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது நம் பழைய அலுவலகம். ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்கிற வேலை. நாற்பது பெண்கள். காலையில் ஒரு வேன் ஜெயமங்கலம் பக்கமெல்லாம் சுற்றி எங்களை அள்ளிக்கொண்டு வரும். மேசையில் ஆளுக்கு ஒரு திரை, ஒரு கீபோர்டு, டிபன் டப்பா அளவில் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது. எல்லாம் எங்கேயோ சென்னையில் இருக்கிற சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. நாங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால் எங்கள் திரை அங்கிருந்து வந்து சேரும். அந்த சர்வரை இங்கிருந்து பார்த்துக்கொள்கிற ஒரே ஆள் நீ. வருசநாட்டிலிருந்து வந்து, கண்ணாடித் தடுப்பு போட்ட சிஸ்டம் ரூமில் உட்கார்ந்திருந்த ஒரே பெண்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் தலைவலி பிளந்தது. எழுத்துகள் கடுகு கடுகாக இருந்தன. பெரிதாக்கலாம் என்று போனால், இதை மாற்ற உனக்கு அனுமதியில்லை என்று திரை சொன்னது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. புதிதாக வந்தவள், கண் தெரியாதவள் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். மதியம் மேசைப் போன் அடித்தது. எடுத்தால் நீ.

"ஜெயமங்கலத்து ஆளு நீதான? கண்ணச் சுருக்கிக்கிட்டே உக்காந்திருக்க. ஒரு தடவ வெளிய போயி திரும்ப உள்ள வா."

திரையிலிருந்து வெளியேறி, பாஸ்வேர்டை அடித்து மறுபடி உள்ளே வந்தேன். எழுத்துகள் வளர்ந்திருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "இம்புட்டு போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டாய். அன்றைக்கு முன்னால் என்னிடம் அப்படி ஒரு கேள்வியை எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்டதில்லை.

பிறகுதான் தெரிந்தது, நீ எனக்கு மட்டும் செய்யவில்லை. மாசமாக இருந்தவளுக்கு வெளிச்சத்தைக் குறைத்திருந்தாய். இடதுகைக்காரிக்கு மவுஸின் பொத்தான்களை மாற்றி வைத்திருந்தாய். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட அக்காவுக்குக் கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து. அவரவர் திரையின் பின்னணியில் அவரவர் கேட்ட படம். எனக்கு என் மகள் பால்வாடியில் மயில் வேஷம் போட்ட படம். எதற்கு இத்தனை பாடு என்று ஒருநாள் கேட்டேன். "ஆளுக்கொரு கண்ணு இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே செட்டிங்க எப்படிப் போடுறது" என்றாய். அவ்வளவுதான். அதை நீ பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. மேனேஜருக்கு இதெல்லாம் தெரியவும் தெரியாது. வேலை நடந்துகொண்டிருந்தது.

சென்னைக்கு ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தான் பார், அன்றைக்குப் பிடித்தது சனி. எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினான். வெட்கம் வந்தால்தான் வேலை வரும் என்றான். இனிமேல் வாரா வாரம் யார் அதிகத் தப்பு செய்கிறார்களோ அவர்கள் முகம் நாற்பது திரைகளிலும் பின்னணிப் படமாக வரும் என்றான். சுற்றிலும் சிவப்புச் சட்டம். கீழே 'இந்த வாரக் கடைசி' என்று எழுத்து. எல்லாருடைய திரைக்கும் ஒரே இடத்திலிருந்து படத்தை அனுப்பலாம், யாரும் எடுக்க முடியாதபடி பூட்டலாம் என்று எவனோ அவனுக்குச் சொல்லியிருக்கிறான்.

அதைச் செய்யச் சொல்லி உன்னிடம்தான் வந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எழுந்துகூட நிற்கவில்லை. "மனுசி மூஞ்சிய நோட்டீசு மாதிரி ஒட்ட மாட்டேன் சார். வேற ஆளப் பாத்துக்கங்க" என்றாய். அவன் முகம் சுருங்கியதை இன்னும் மறக்கவில்லை. உன்னை அன்றே அனுப்பியிருப்பான். அனுப்பினால் மறுநாள் சர்வரைப் பார்க்க ஆள் கிடையாது. அதனால் மதுரையிலிருந்து ஒருத்தனை அழைத்து வந்தான். வந்தவன் அரைநாளில் முடித்துவிட்டுப் போனான். படத்தைப் பூட்டியதோடு அவன் நிறுத்தவில்லை. எழுத்தின் அளவு, வெளிச்சம், நிறம், எல்லாவற்றையும் எல்லாருக்கும் ஒன்றாக்கிப் பூட்டினான். திரைச் செட்டிங்கில் நீ கை வைத்தால் அன்றே வெளியே என்று மேனேஜர் உன்னிடம் எங்கள் முன்னாலேயே சொன்னான்.

மறுபடியும் கடுகு எழுத்து. மறுபடியும் தலைவலி. ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் அடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கினால் தப்பு குறையும் என்று அவனிடமே போய்க் கேட்டேன். ஒருத்திக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றான். சோடாபுட்டிக் கண்ணாடி அக்காதான் முதல் வாரம் நாற்பது திரைகளிலும் வந்தார். மூன்றாவது வாரம் நான்.

வேலையில் சேர்ந்த அன்று சளியும் காய்ச்சலுமாக எடுத்த அடையாள அட்டைப் படம். மயில் வேஷம் போட்ட என் மகள் இருந்த இடத்தில், சிவப்புச் சட்டத்துக்குள் நான். திரையில் எந்த ஜன்னலை மூடினாலும் நான். எதிர் வரிசையில் ஒருத்தி டீ குடிக்க எழுந்து போனால் அவள் திரையில் நான். என் நாத்தனாரும் அதே ஹாலில் வேலை செய்தாள். நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் சேதி போய்விட்டது. ஊரே பார்த்துவிட்டதாமே என்று மாமியார் கேட்டார். வேலையை விட்டுவிடு என்றார் கணவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பரிதாபமாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அந்த வேலை இருந்ததால்தான் அந்த வீட்டில் நான் சொல்வதற்கு ஒரு காது இருந்தது.

நீ அன்றைக்கு மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். என் டப்பாவிலிருந்த புளிச்சோற்றில் பாதியை எடுத்துச் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு வந்து, "ஒரு வாரம் பொறுத்துக்க. வேலைய மட்டும் விட்டுறாத" என்றாய். உன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. வருசநாட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலை கொடுக்கிற கம்பெனியிலிருந்து சென்னை மேடம் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. செத்தவர்களுக்கு ஞாபகம் உண்டென்றால் அதைத்தான் முதலில் வைத்திருப்பாய். வாசலில் கோலம், மேசைகளில் பூ. மேனேஜர் புதுச் சட்டை போட்டு, அந்த சென்ட்டை இரண்டு மடங்கு அடித்துக்கொண்டு வந்திருந்தான். மேடம் வருகிறபோது எல்லாரும் ஒன்றாக லாகின் செய்ய வேண்டும், திரைகள் வரிசையாக விழிப்பதைப் பார்த்து அவர் அசந்துபோக வேண்டும் என்று ஒத்திகை வேறு பார்த்தான். மேடம் உள்ளே வந்தார். அவன் கைதட்டினான். நாற்பது பேரும் லாகின் செய்தோம்.

நாற்பது திரைகளிலும் அவன். சிவப்புச் சட்டத்துக்குள், சிரித்த முகமாக. கீழே 'இந்த வாரக் கடைசி'.

அவன் முதல் மேசைக்கு ஓடி மவுஸைப் பிடுங்கினான். இதை மாற்ற உனக்கு அனுமதியில்லை என்றது திரை. அடுத்த மேசைக்கு ஓடினான். அங்கேயும் அதே பதில். திரையின் பொத்தானை அழுத்தி அணைத்தான். அணைத்ததைத் தெரியாதவள் மாதிரி ஒருத்தி மறுபடி போட்டாள். சுவரிலிருந்து ஒரு வயரை உருவினான். மீண்டும் செருகி லாகின் செய்தால் சென்னையிலிருந்து அவன் முகம்தான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

மேடம் அவனைக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த என்னைக் கேட்டார். இந்தச் சிவப்புச் சட்டத்தை எதற்காகச் செய்து வைத்திருக்கிறீர்கள் என்றார். கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். நீ தலையை ஒரு துளி அசைத்தாய்.

"போன வாரம் இதுல என் மூஞ்சி இருந்துச்சு மேடம்" என்றேன். "அதுக்கு முந்தி அந்தா, அந்த அக்கா மூஞ்சி."

மேடம் அவனைத் தனியறைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். வெளியே வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்றோடு சிவப்புச் சட்டம் போயிற்று. செட்டிங்கில் கை வைத்தால் அன்றே வெளியே என்ற பேச்சை மட்டும் அவன் விடவில்லை, மத்தியானம் நீயும் போய்விட்டாய். போவதற்கு முன்னால் எல்லாருடைய திரையையும் பழையபடி அவரவர் கண்ணுக்கு ஏற்ப மாற்றிவிட்டுப் போயிருந்தாய். என் மகள் திரும்பி வந்திருந்தாள்.

அதன்பிறகு அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னால்தான் என் வயிறு எரிவது அடங்கும். நீ சர்வரிலிருந்து எதையோ திருடிவிட்டதாகப் போலீசில் புகார் கொடுத்தான். ஒருநாள் முழுக்க உன்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். திருடியதற்கு எதுவும் இல்லாததால் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். உன் அப்பா கடைசி பஸ்ஸுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அவன் தேனி, பெரியகுளம், போடி என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிற அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டான். அந்தப் பெண்ணை எடுக்காதீர்கள், சர்வரை உடைப்பவள் என்றான். நீ ஏறிய படியெல்லாம் இறங்கினாய். சொந்த மாவட்டத்தில் உனக்கு நாற்காலி இல்லாமல் போனது. மதுரையில்தான் கிடைத்தது. வருசநாட்டிலிருந்து மதுரைக்குத் தினமும் போய்விட்டு வந்தாய். பஸ்ஸிலிருந்து எனக்குப் போன் போடுவாய். அவனைத் திட்டுவேன். "விடு ஆத்தா, அவன் மூஞ்சி போன போக்க நாம பாத்தாச்சுல்ல" என்று சிரிப்பாய்.

ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில், மழையில், எதிரே வந்த லாரி.

லாரிக்காரன் மேல் எனக்குக் கோபம் வந்ததேயில்லை. அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. உன்னை அந்தச் சாலையில் தினமும் ஏற்றிவிட்டவன் யாரென்று எனக்குத் தெரியும். காலம் ஆற்றும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. உன் சாவு வீட்டில் வாசலில் நின்ற இரண்டு பேர், ஸ்டேஷனுக்குப் போன பிள்ளைதானே என்று பேசிக்கொண்டார்கள். உன் அப்பா கேட்டுக்கொண்டு தலையில் துண்டைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பேச்சையும் அவன் கணக்கில்தான் எழுதினேன்.

நான் அந்த வேலையை விட்டேன். தேனியில் சாயங்கால வகுப்பில் சேர்ந்து சர்வர் வேலையைப் படித்தேன். போடியில் இந்த ஏலக்காய் வியாபாரியிடம் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. மலைமேல் எஸ்டேட்டுகளில் இருக்கிறவர்களும் கம்பத்துக் கிளையில் இருக்கிறவர்களும் எங்கள் சர்வருக்குள்தான் வந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் திரைகளெல்லாம் என் கையில். முதலாளி வயதானவர், எதற்கும் என்னைக் கேட்காமல் முடிவெடுக்கமாட்டார்.

போன வாரம் முதலாளி என்னை அழைத்து, தன்னைப் பார்க்க ஒருவர் வருகிறார், நம் சர்வரைத் தன் கம்பெனி எடுத்து நடத்தும் என்கிறார், நீயும் உட்கார் என்றார். கதவு திறப்பதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்து, வணக்கம் மேடம் என்றான். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. நாற்பது திரைகளில் ஒரு வாரம் ஒட்டி வைத்த முகத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவனை நான் எதுவும் செய்யலாம் என்று தோன்றியது.

அவனைப் பேசவிட்டேன். எல்லாருடைய திரையும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே இடத்திலிருந்து பூட்டிவிடலாம், வேலைக்காரர்கள் எதையும் மாற்ற முடியாது என்றான். ஆட்களை வேலை வாங்க வேறு வழிகளும் தெரியும் என்றான். சரியாக வேலை செய்யாதவர்களின் படத்தை எல்லாருடைய திரையிலும் போட்டால் ஒரே மாதத்தில் திருந்திவிடுவார்களாம். அவன் இன்னும் அதை விற்றுக்கொண்டிருக்கிறான். அது யாருடைய யோசனை என்று கேட்டேன். என்னுடையதுதான் மேடம் என்று சிரித்தான்.

"அப்ப அத முதலாளிகிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். அவனை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். சளிப்பிடித்த என் முகத்தில் தொடங்கி, நீ மதுரை பஸ்ஸில் ஏறியது வரைக்கும். குரலை உயர்த்தவில்லை. அந்த வித்தை உன்னிடமிருந்து வந்தது. பாதியில் அவனுக்கு என்னைத் தெரிந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தான்.

"பழசெல்லாம் எதுக்கு மேடம்" என்றான். பிறகு, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்றான்.

நீ இறந்ததே அவனுக்குத் தெரியாது. உன்னை ஊரைவிட்டு விரட்டியவன், நீ போய்ச் சேர்ந்தாயா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"செத்துப் போச்சு" என்றேன்.

அடடா என்றான். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான். பிறகு எதிரிலிருந்த டீயை எடுத்துக் குடித்தான். அந்த டீயை அவன் முகத்தில் ஊற்றாமல் உட்கார்ந்திருந்ததுதான் நான் அவனுக்குச் செய்த ஒரே தயவு.

முதலாளி எழுந்தார். நீங்கள் போகலாம் என்று அவனிடம் சொன்னார். அவன் படியிறங்கிப் போனதும் நான் போனை எடுத்தேன். போடியில் அவன் அடுத்தடுத்துப் போகக்கூடிய வியாபாரிகள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் பேசினேன். பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அவனைப் போல எனக்குப் பொய் தேவைப்படவில்லை. முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பழி தீந்துச்சுல்ல தாயி. இனி விட்டுரு" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். விடவில்லை. அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருசநாட்டுக்குப் போனேன். உன் அப்பா வாசலில் இலவங்காய்களை உடைத்துப் பஞ்சு காயப்போட்டுக்கொண்டிருந்தார். தாடியிலெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். மெலிந்துவிட்டார். உன் ஸ்டேஷன் விஷயம் எப்படி வந்தது என்று நீ இருந்தபோதும் உனக்குப் பிறகும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் சொன்னேன். நீ யாருக்காக என்ன செய்தாய், எதற்காக உனக்கு இந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை, எதற்காக அந்த பஸ்ஸில் ஏறினாய் என்று எல்லாம். திரை, சர்வர் என்பதெல்லாம் அவருக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னேன். அவர் பஞ்சைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"எம்புள்ள எதையோ எடுத்துருச்சுன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "அதுக்கு முன்னாடி ஒருநாளும் அத அடிச்சதில்ல. அன்னிக்கி ஸ்டேஷன்ல இருந்து கூட்டியாந்து அடிச்சுப்புட்டேன்."

நீ இதை என்னிடம் சொன்னதேயில்லை. பஸ்ஸிலிருந்து எத்தனை நாள் பேசினாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அழவில்லை. நானும் அழவில்லை. மோர் தீர்ந்தது. நான் கிளம்ப எழுந்தபோது அவரும் எழுந்தார்.

"அந்தாளு இப்ப எங்கன இருக்கான்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவன் கம்பெனி இன்னும் அந்தப் பழைய மாடியில்தான். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்தக் கடைக்கு மேல்மாடி, அவன் எத்தனை மணிக்கு வருவான் என்பது வரைக்கும் சொன்னேன். அவர் இன்னொரு தடவை கேட்டு மனசில் வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து அடுத்த இலவங்காயை எடுத்து உடைத்தார்.

அவர் இன்னும் போகவில்லை. போவாரா, போய் என்ன கேட்பார், என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சாமி படத்தின் முன்னால் நிற்கிறேன். என் மகளுக்காக வேண்டிக்கொள்கிறேன், உனக்காக வேண்டிக்கொள்கிறேன். அவர் அங்கே போய்விடக் கூடாதென்று மட்டும் இதுவரை ஒருநாள்கூட வேண்டிக்கொள்ளவில்லை.